உயர்மலைப் பயணமும் உள்ளப் பயிற்சியும்



பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, மைசூரைச் சார்ந்த ராமாபுரத்தில் குடியமர்ந்தவர்கள் நாங்கள். கோடை விடுமுறை வந்தால் பெட்டி படுக்கையுடன் சொந்த ஊருக்குப் புறப்படுவதே எங்கள் முன்னோர் வழக்கம். இன்று அவ்வழக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கேதாரம், அமர்நாதம், கயிலை என்று யாத்திரை செல்வோரும், இமயத்தின் மலைவழிகளில் நடந்து வரவேண்டும் என்னும் விருப்பத்தால் செல்வோரும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். 2020 முதல் தடைப்பட்டிருந்த கயிலை மானசரோவர் யாத்திரை 2025-இல் மீண்டும் தொடங்கியதும், பம்பாயிலும் டில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் பலருக்குப் பழைய ஆசை புத்துயிர் பெற்றது.

இவ்வாறு புறப்படுவோரைப் பார்த்து நாம் முதலில் கேட்பது, "கம்பளி வாங்கியாயிற்றா? நல்ல செருப்பு வாங்கியாயிற்றா? மருந்து எடுத்து வைத்தாயிற்றா?" என்பதுதான். "மனத்தைப் பழக்கியாயிற்றா?" என்று கேட்பார் எவருமில்லை. உயர்மலையிலே முதலில் சோதனைக்கு உள்ளாவது மனமே. அதனை எவ்வாறு பழக்குவது, ஏன் பழக்குவது என்பதை எங்கள் பட்டறிவையும், மலையேற்ற வரலாறும் மருத்துவ நூலும் கூறும் உண்மைகளையும் துணையாகக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

உயரத்தில் நிகழ்வது யாது?

மலைமேல் காற்றில் பிராணவாயு குறைந்துவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கும் ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்தொன்றுதான். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் புகும் பிராணவாயுவின் அளவும் குறைகிறது. கடல்மட்டத்திலுள்ள அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் 3,583 மீட்டர் உயரத்திலுள்ள கேதாரநாதத்தில் உண்டு. 5,500 மீட்டர் உயரத்திலோ அது பாதியாகிவிடுகிறது. கயிலை மலையைச் சுற்றி வருவோர் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் இதனினும் உயர்ந்தது. ஏறத்தாழ 5,630 மீட்டர்.

இக்குறைவைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றல் நம் உடலுக்கு உண்டு. மூச்சு விரைகிறது, இதயம் விரைகிறது, நாள்கள் செல்லச் செல்லக் குருதியும் தன் இயல்பைச் சிறிது மாற்றிக்கொள்கிறது. ஆயினும் இதற்கு நாள் வேண்டும். அவகாசம் கொடாமல் ஏறிவிட்டால், ஏறக்குறைய 2,500 மீட்டருக்கு மேல், மலைநோய் தோன்றக்கூடும். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், அளவுகடந்த களைப்பு ஆகியன இதன் அறிகுறிகள். பெரும்பாலும் மேலேறிய சில மணி நேரத்திற்குப் பின்னரே இவை தலைகாட்டும். முற்றினால் மூளையில் நீர் கோத்துக் கொள்ளலாம். அல்லது நுரையீரலில் நீர் கோத்துக் கொள்ளலாம். இரண்டும் உயிருக்கு இறுதி பயப்பன.

ஒன்றை நன்கு நினைவில் இருத்தவேண்டும். உடல்வலிமை மிக்கவருக்கு இந்நோய் வாராது என்பது தவறான எண்ணம். நாள்தோறும் ஓடிப் பழகிய இளைஞர் படுத்துவிடுவதும், அறுபது வயது அம்மையார் மெல்ல நடந்து நலமே திரும்புவதும் மலையில் காணும் காட்சிகள். இன்னும் சொல்லப்போனால், வலிமையுடையவர் விரைந்து ஏறுகிறார். விரைந்து ஏறுவதாலேயே நோய்க்கு இடம் கொடுக்கிறார்.

இங்கேதான் மனத்தின் பங்கு வருகிறது. பிராணவாயுக் குறைவை முதலில் உணர்வனவற்றுள் ஒன்று மூளை. உறக்கம் கலைகிறது, சிறு சொல்லுக்கும் சினம் வருகிறது, கணக்குப் பிழைக்கிறது, நன்மை தீமைகளை எடைபோடும் திறன் மங்குகிறது. எந்தக் கருவியைக் கொண்டு ஆபத்தை அறியவேண்டுமோ, அந்தக் கருவியே பழுதுபடுகிறது. ஆகவே, மேலே சென்றபின் சிந்தித்து முடிவு செய்வோம் என்று எண்ணுவது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவோம் என்பதை ஒக்கும். முடிவுகளுள் பெரும்பாலானவற்றை அடிவாரத்திலேயே, தெளிந்த மனத்தோடு செய்து முடித்துவிட வேண்டும்.

நாங்கள் கற்ற பாடம்

இதனை நாங்கள் நூலில் படித்து அறிந்தோம் அல்லோம். சில ஆண்டுகளுக்கு முன், எங்களுள் எண்மர் உத்தராகண்டத்தின் ஒரு மலைவழியில் நடந்து சென்றோம். எங்களுள் மூத்தவர் ஒருவர். அவரை அனைவரும் அண்ணா என்றே அழைப்போம். இரண்டு ஆண்டுகள் விடுப்பைச் சேர்த்து வைத்து, சீட்டுப் பணம் எடுத்து வந்தவர் அவர். ஊரில் உறவினர் அனைவரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் கூடாரம் அடித்த அன்று மாலை அவருக்குத் தலைவலி தொடங்கியது. அதனை அவர் எங்களிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லாமலே நடந்தார். உணவு வேண்டாம் என்றார். கேட்டபொழுது, "ஒன்றுமில்லை தம்பி, களைப்புத்தான்; படுத்து எழுந்தால் தீர்ந்துவிடும்" என்றார். நாங்களும் அதனை ஏற்றுக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், ஏற்றுக்கொள்ள விரும்பினோம். அவர் நோயுற்றார் என்று ஒப்புக்கொண்டால் எங்கள் பயணமும் நின்றுவிடுமே என்னும் எண்ணம் எங்கள் அனைவர் நெஞ்சிலும் இருந்தது.

அன்று அந்தி வேளையில் வழிகாட்டி அவரிடம் இந்தியில் ஏதோ வினவினார். அண்ணா கன்னடத்தில் விடை கூறினார். மைசூர்க் கடைத்தெருவில் பேசுவதைப்போல் இயல்பாகப் பேசினார். கேட்பவர் கன்னடம் அறியாதவர் என்பதே அவருக்கு நினைவில்லை. எங்களுள் சிலர் நகைத்தோம். வழிகாட்டி நகைக்கவில்லை. தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை மற்றைக் காலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்து அக்கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். அண்ணா மூன்றாம் அடியிலேயே தள்ளாடிச் சாய்ந்தார். அப்பொழுதுதான் எங்கள் நகைப்பு அடங்கியது.

விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. கைவிளக்குகளின் துணையோடு இரவிலேயே அவரைத் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினோம். பொழுது புலர்வதற்குள் பல நூறு மீட்டர் இறங்கியிருந்தோம். இறங்க இறங்க அவர் பேச்சுத் தெளிந்தது. பின்னர் மருத்துவரிடம் காட்டினோம், பிழைத்தார். இன்னும் ஓர் இரவு மேலே தங்கியிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்று மருத்துவர் கூறினார். அன்று எங்களுக்கு விளங்கியது இது: அண்ணாவை வீழ்த்த இருந்தது உயரம் மட்டுமன்று; அவர் கொண்ட வெட்கமும், நாங்கள் கொண்ட ஆசையும் அதற்குத் துணை நின்றன. வெட்கத்துக்கும் ஆசைக்கும் மருந்துக்கடையில் மருந்து இல்லை. அவற்றை வீட்டிலேயே பழக்கிவிட்டுச் செல்லவேண்டும்.

திரும்பியவர்களே வென்றார்கள்

மலையேற்ற வரலாற்றில் உச்சியை அடைந்தோர் பெயர்களை நாம் மனப்பாடம் செய்கிறோம். உச்சிக்கு அருகில் சென்று திரும்பியவர்களையும் அறிந்துகொள்வது பயன் தரும்.

எவரெஸ்டுச் சிகரத்தின்மீது 1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் ஹில்லரியோடு கால்வைத்த டென்சிங், அதற்குமுன் ஆறு முறை அம்மலைக்குச் சென்று உச்சியை அடையாமலே திரும்பியவர். ஏழாம் முறையே அவருக்கு வெற்றி கிட்டியது.

நம் நாட்டுக் குழுவினரின் வரலாறு இன்னும் சிறந்தது. 1960-ஆம் ஆண்டில் பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் சென்ற முதல் இந்தியக் குழுவைச் சேர்ந்த மூவர், நவாங் கோம்பு, சோனம் கியாட்சோ, நரேந்திர குமார் என்போர், 28,300 அடி உயரம்வரை ஏறினர். உச்சிக்கு ஏறத்தாழ 700 அடியே எஞ்சியிருந்தது. புயற்காற்று வீசியது, திரும்பிவிட்டனர். 1962-ஆம் ஆண்டில் மேஜர் ஜான் டயஸ் தலைமையில் இரண்டாம் குழு சென்றது. இம்முறை மோகன் சிங் கோலி, சோனம் கியாட்சோ, ஹரி டாங் ஆகிய மூவரும் உச்சிக்கு ஏறத்தாழ 400 அடி கீழேவரை சென்றனர். மீண்டும் காற்றும் பனியும் தடுத்தன, மீண்டும் திரும்பினர்.

நானூறு அடி என்பது எவ்வளவு? சமநிலத்தில் இரண்டு நிமிட நடை. அதனை விட்டுத் திரும்புவதற்கு எத்துணை மனவலிமை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் திரும்பியதால் அவர்கள் உயிரோடு இருந்தனர். உயிரோடு இருந்ததால் மறுமுறையும் செல்ல முடிந்தது. 1965-ஆம் ஆண்டில் அதே கோலி தலைவராகவும், அதே குமார் துணைத் தலைவராகவும் மூன்றாம் குழு சென்றது. மே 20 முதல் 29 வரை அக்குழுவைச் சேர்ந்த ஒன்பதின்மர் எவரெஸ்டின் உச்சியை அடைந்தனர். அவ்வொன்பதின்மருள் முன்பு திரும்பி வந்த கோம்புவும் ஒருவர்; இருமுறையும் திரும்பி வந்த கியாட்சோவும் ஒருவர்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1996-ஆம் ஆண்டு மே 10, 11 ஆகிய நாள்களில் எவரெஸ்டில் எழுந்த புயலில் எண்மர் மாண்டனர். பிற்பகல் 2 மணிக்குள் உச்சியை அடையாதவர் திரும்பிவிட வேண்டும் என்பது முன்பே பேசப்பட்டிருந்தது. அந்நேரம் கடந்தும் சிலர் ஏறிக்கொண்டே இருந்தனர். அதே ஆண்டில் அதே மாதம் 3-ஆம் நாள், கோரான் கிராப் என்னும் சுவீடன் நாட்டவர், உச்சி கண்ணுக்கு எதிரே தெரிய, பொழுது சாய்ந்துவிட்டது என்று கருதித் தனியே திரும்பி வந்தார். தம் நாட்டிலிருந்து மிதிவண்டியிலேயே நேபாளம் வந்து சேர்ந்தவர் அவர்! அத்தனை தொலைவு வந்தவர் திரும்பினார். 23-ஆம் நாள் மீண்டும் ஏறி உச்சியை அடைந்தார்.

நம் திருவள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மரக்கிளையின் கடைசிவரை ஏறிவிட்டு அதற்கப்பாலும் ஊக்கம் காட்டுபவனுக்கு உயிர்முடிவே நேரும் என எச்சரிக்கிறார். ஊக்கமுடைமைக்கு ஒரு தனி அதிகாரம் வகுத்தவரே இதனையும் கூறினார் என்பது கருதத்தக்கது. கயிலையைக் காணப் புறப்பட்ட திருநாவுக்கரசர் கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடல் தேய்ந்தும் செல்ல முயன்றார் என்றும், இறுதியில் கயிலைக் காட்சி அவருக்குத் திருவையாற்றிலேயே கிட்டியது என்றும் பெரியபுராணம் கூறும். அடியவரின் உறுதி அது. அவ்வரலாற்றைப் போற்றும் நாம், காட்சி மலையின் உச்சியில் மட்டும் இல்லை என்னும் கருத்தையும் அதனினின்று எடுத்துக்கொள்ளலாம் அன்றோ?

சாமுண்டி மலையில் பயிற்சி

மைசூர் நகரம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் உள்ளது. எங்களுக்கு அண்மையிலுள்ள சாமுண்டி மலை அதனினும் 300 மீட்டரே உயர்ந்தது. உதகைக்குச் சென்று தொட்டபெட்டாவின் உச்சியில் நின்றாலும் 2,637 மீட்டர்தான். மலைநோயின் வாயிற்படியைத்தான் தொட்டவர்களாவோம். ஆகவே இமயத்தின் காற்றுக்கு உடலைப் பழக்குதல் இங்கே இயலாது. அதனை இமயத்திலேயே, நாள் எடுத்துக்கொண்டு செய்யவேண்டும். கால்களையும் மனத்தையும் பழக்க மட்டும் சாமுண்டி மலை போதும்.

பதினேழாம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் அமைந்த படிவழி அம்மலையில் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் படிகள். வழியிடையே, ஒரே பாறையில் செதுக்கிய பெரிய நந்தி. ஞாயிறுதோறும் விடியுமுன் அங்கே கூடுகிறோம். நாங்கள் செய்யும் பயிற்சிகள் நான்கு.

முதலாவது, மெல்ல நடத்தல். பேசிக்கொண்டே நடக்க முடியாத விரைவில் எவரும் நடத்தலாகாது. மூச்சு வாங்கி, சொல் பாதியில் நின்றால், விரைவு மிகுதி என்று பொருள். பின்னால் வருபவர் முந்திச் சென்றாலும் நம் நடையை மாற்றாதிருத்தல் கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. முந்தவேண்டும் என்னும் எண்ணத்தை அடக்குவதே இப்பயிற்சியின் நோக்கம்.

இரண்டாவது, தொலைவைச் சிறிதாக்கிக் கொள்ளுதல். ஆயிரம் படியையும் நினைத்தால் மனம் தளரும். அடுத்த இருபது படியை மட்டும் நினைப்பது. அதன்பின் நின்று நீண்ட மூச்சு விடுவது. பிறகு அடுத்த இருபது. மலைச்சரிவில் களைப்பும் அச்சமும் ஒருங்கே வரும்பொழுது, இப்பழக்கம் தானே கைகொடுக்கும்.

மூன்றாவது, துன்பத்தை முன்கூட்டியே மனத்தில் காணுதல். படங்களில் காணும் இமயம் வெயிலில் ஒளிரும். நாம் செல்லும் நாளிலோ மழை பெய்யலாம். மூன்று இரவு உறக்கம் வராமல் போகலாம். விடியற்காலைப் பனியில் கூடாரத்தை விட்டு வெளிக்குச் செல்லவேண்டி வரலாம். உடன் வருபவரின் குறட்டையே பகையாகத் தோன்றலாம். இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, "அப்பொழுது நீ என்ன செய்வாய்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். எதிர்பார்த்த துன்பம் பாதித் துன்பமே. உயரத்தில் உறக்கத்தின் நடுவே மூச்சுச் சிறிது நின்று பின் விரைந்து தொடர்வது பலருக்கும் நேர்வது. அதனை முன்பே அறிந்தவர் விழித்துக்கொண்டாலும் மீண்டும் படுப்பார். அறியாதவர் இறக்கப்போகிறோம் என்று நடுங்கி, எஞ்சிய இரவையும் இழப்பார்.

நான்காவது பயிற்சியே தலையாயது. திரும்பிவரும் பயிற்சி அது. எங்கள் குழுவில் ஒருவரிடம் ஊதல் ஒன்று இருக்கும். அவர் விரும்பிய படியில் அதனை ஊதுவார். நந்திக்கு அருகிலும் ஊதலாம். கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் இடத்திலும் ஊதலாம். ஊதிய கணமே அனைவரும் திரும்பிக் கீழே இறங்கவேண்டும். காரணம் கேட்கலாகாது, இன்னும் பத்துப் படிதானே என்று சொல்லலாகாது. தொடக்கத்தில் எங்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றியது. ஒருநாள் உச்சிக்குப் பதினைந்து படி இருக்கையில் ஊதல் ஒலித்தபொழுதுதான், திரும்புவது எத்துணைக் கசப்பு என்பது விளங்கியது. அக்கசப்பை இங்கே பலமுறை சுவைத்தவருக்கு அங்கே அது புதிதாக இராது.

புறப்படுமுன் செய்யவேண்டிய உடன்பாடுகள்

பயணக் குழுவினர் அனைவரும் வீட்டிலேயே கூடியிருந்து சில உடன்பாடுகளைச் செய்து, தாளில் எழுதிக் கையொப்பமிடுதல் நன்று.

ஒன்று, எவரும் நோயை மறைப்பதில்லை என்பது. நாள்தோறும் மாலையில் ஒருவர் மற்றவர்களிடம் நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும்: தலைவலி உண்டா? குமட்டலோ பசியின்மையோ உண்டா? களைப்பு எவ்வளவு? தலைச்சுற்றல் உண்டா? ஒவ்வொன்றுக்கும் இல்லை, சிறிது, நடுத்தரம், கடுமை என்று விடை கூறவேண்டும். மருத்துவர்கள் மலைநோயை அளக்கக் கையாளும் முறையும் இந்நான்கையே அடிப்படையாகக் கொண்டது. "நலமா?" என்று பொதுவாகக் கேட்டால், நலமே என்றுதான் தமிழர் விடை கூறுவர், அது நம் பண்பு. குறிப்பாகக் கேட்டால் உண்மை வெளிவரும்.

இரண்டு, நோய்க்குறி உள்ளவர் அது நீங்கும்வரை மேலே ஏறுவதில்லை. குறி மிகுந்தால் இறங்கிவிடுவது என்பது. நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழம்பினாலோ, ஓய்ந்து அமர்ந்திருக்கையிலும் மூச்சுத் திணறினாலோ, இரவென்றும் பாராமல் உடனே இறக்கவேண்டும். அச்சத்தாலும் நெஞ்சு படபடக்கும். அமர்ந்து மெல்ல மூச்சு விட்டால் அது சிறிது நேரத்தில் தணியும். தணியாவிட்டால் நோயென்றே கொள்ளவேண்டும். ஐயம் தோன்றிய இடத்தில் இறங்குவதே அறிவு.

மூன்று, ஏறும் அளவு பற்றியது. 3,000 மீட்டருக்கு மேல், முதல்நாள் இரவு உறங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மிகாத உயரத்தில் அடுத்த இரவு உறங்கவேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கவேண்டும் என்பது மருத்துவர் கூறும் முறை. கேதாரநாத யாத்திரையை எண்ணிப் பாருங்கள். கௌரிகுண்டம் 2,000 மீட்டருக்கும் சிறிது குறைந்த உயரத்தில் உள்ளது. 2013-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் ஏறத்தாழ 16 கிலோமீட்டராக நீண்ட வழியில், ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏறிவிடுகிறோம். ஹெலிகாப்டரில் செல்வோர் சில நிமிடங்களில் ஏறிவிடுகின்றனர். விரைந்து சென்றவர்கள் தரிசனம் முடிந்ததும் விரைந்து இறங்கிவிடுவதால் பலர் தப்புகின்றனர். எனினும், அடிவாரத்தில் ஓரிரு நாள் தங்கி, வழியிலும் ஓரிரவு தங்கிச் செல்வதே தக்கது. நாள் மிச்சம் பிடிக்கவேண்டும் என்னும் ஆசையை மனத்திலிருந்து அகற்றினாலன்றி இது கைகூடாது. ஆகவே பயணத் திட்டத்திலேயே இரண்டு நாளை வீண்நாளாக ஒதுக்கி வையுங்கள். அந்த இரண்டு நாளே உயிர்காக்கும் நாள்களாகலாம்.

நான்கு, குடிவகைகளையும் உறக்க மாத்திரைகளையும் தவிர்ப்பது என்பது. மலைநோய்த் தடுப்புக்கு மருந்து உண்டு; அதனை மருத்துவரைக் கேட்டே உட்கொள்ளவேண்டும். இதயநோய், நுரையீரல் நோய் உடையவர் புறப்படுமுன் மருத்துவரின் ஒப்புதல் பெறுதல் இன்றியமையாதது.

பிற மாநிலத் தமிழர்க்குத் தனியாக ஒரு சொல்

நோயும் அச்சமும் மேலிட்டால் கற்ற மொழிகள் மறந்து, பிள்ளைப்பருவத்து மொழியே நாவில் வரும். அல்லது அண்ணாவுக்கு நேர்ந்ததுபோல் மொழிகள் இடம் மாறும். நம் வழிகாட்டியும் சுமை தூக்குவோரும் தமிழ் அறியார். ஆகவே "ஸிர் மேம் தர்த் ஹை" என்றால் தலை வலிக்கிறது என்றும், "நீசே ஜானா ஹை" என்றால் கீழே செல்லவேண்டும் என்றும் பொருள்படும் சில தொடர்களையேனும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அவற்றைத் தமிழெழுத்தில் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். வழிகாட்டியிடம் முதல்நாளே, "நீங்கள் திரும்பு என்றால் திரும்புவோம்" என்று சொல்லிவிடுங்கள். பணம் கொடுத்தவர் நாம் என்னும் எண்ணத்தால், அவர் சொல்லத் தயங்கக்கூடும். அத்தயக்கத்தை நீக்குவது நம் கடமை.

மற்றொன்றும் கூறவேண்டும். வேற்றூரில் குடியேறிய நமக்கு மலைக்கு வேண்டிய மனப்பாங்கு ஓரளவு முன்பே வாய்த்திருக்கிறது. வந்த முதலாண்டை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் புதிது, மொழி புதிது, உணவு புதிது. அவசரப்பட்டவர்கள் மனம் நொந்தார்கள். பொறுத்து, அண்டை வீட்டாரிடம் ஒவ்வொரு சொல்லாகக் கற்று, அவ்வூரின் போக்குக்கு இசைந்தவர்கள் வேரூன்றினார்கள். உயரத்துக்கு உடலைப் பழக்குவதும் இத்தகையதே. மலையோடு வழக்காடிப் பயனில்லை. அது இடம் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். மலைநாட்டில் பிறவாதவர்க்கு இஃது இயலாதது என்றும் எண்ணவேண்டா. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்டின் உச்சியை அடைந்து, அங்கே நின்ற முதல் தமிழகப் பெண் என்னும் பெருமையைப் பெற்றதை நாம் அறிவோம்.

ஆனால் நம்மிடம் ஒரு குறையும் உண்டு. ஊரை விட்டு வந்தவன் தோற்றுத் திரும்பலாகாது என்னும் எண்ணம் நம் குருதியில் ஊறிவிட்டது. பாதியில் திரும்பினால் உறவினர் என்ன சொல்வார் என்று அஞ்சுகிறோம். ஆகவே உறவினரையும் பழக்கவேண்டும். புறப்படுமுன் வீட்டாரிடம், "போய் வருகிறோம், உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் வருகிறோம்" என்று சொல்லுங்கள். வீட்டிலிருப்போரும், திரும்பி வந்தவரிடம் "மேலே போனீர்களா?" என்று முதலில் கேளாமல், "நலமாக வந்தீர்களா?" என்று கேளுங்கள். போகிறேன் என்று சொல்லாமல் போய் வருகிறேன் என்று சொல்வது நம் மரபு. வருதலே பயணத்தின் முடிவு என்பதை அச்சொல்லிலேயே வைத்துவிட்டனர் நம் முன்னோர்.

அண்ணாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். ஊர் திரும்பிய சில மாதம் அவர் எங்களோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். எங்களால் பயணம் கெட்டது என்று நீங்கள் எண்ணுகிறீர்களோ என்று ஒருநாள் கேட்டேவிட்டார். அப்பொழுதுதான் நாங்கள் எங்கள் பங்குக் குற்றத்தை வாய்விட்டுச் சொன்னோம். அடுத்த ஞாயிறு அவர் படியடிவாரத்துக்கு வந்தார். இன்று ஊதல் இருப்பது அவர் கையில்தான். அதனை அவர் எந்தப் படியில் ஊதினாலும், ஒரு சொல்லும் பேசாமல் நாங்கள் திரும்பி இறங்குகிறோம்.